பிபி, படபடப்புக்குப் போடுற பீட்டா பிளாக்கர் மாத்திரை: எது யாருக்கு? கம்பம், குமுளி பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பத்துல மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கிற பார்மசிஸ்ட் நான். கீழ தேனி மெடிக்கல் காலேஜ், மதுரைன்னு எழுதுன சீட்டும் வரும், மேல கேரளா பக்கம் குமுளி, கட்டப்பனை, கோட்டயம்னு எழுதுன சீட்டும் வரும். ஏலத்தோட்டத்துக்கு ஜீப்புல போற சனம் ரெண்டு பக்கமும் டாக்டரப் பாக்குறதால ஒரே ஆள் பையில ரெண்டு ஊரு மாத்திரையும் கெடக்கும், அதுல அதிகமா குழப்பம் வர்றது இந்த பீட்டா பிளாக்கர்லதான். கவுண்டர்ல நின்னு ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியாதத இங்க எழுதிருக்கேன். எந்த மாத்திரை, எத்தன மில்லிகிராம்னு முடிவு பண்றது உங்க டாக்டர்தான், அவர்கிட்ட சரியா கேக்குறதுக்கும் சரியா சொல்றதுக்கும் இது உதவும்.

பீட்டா பிளாக்கர்னா என்னண்ணே? உள்ள போயி என்ன செய்யும்?

பயந்தா, கோவப்பட்டா, ஏத்தம் ஏறுனா ஒடம்புல அட்ரினலின் சுரக்கும், அது ரத்தத்துல போயி இதயத்துல இருக்குற பீட்டா ரிசப்டர்ங்கிற எடத்துல ஒட்டுனா இதயம் வேகமாவும் அழுத்தமாவும் அடிக்கும். இந்த மாத்திரை முன்னாடியே போயி அந்த எடத்துல உக்காந்துக்கும், அட்ரினலின் வந்தாலும் ஒட்ட எடம் இருக்காது. அதனால பல்ஸ் குறையும், இதயம் தள்ளுற வேகம் குறையும், கிட்னியில இருந்து வர்ற, பிபிய ஏத்துற ரெனின்ங்கிறதும் குறையும், இதெல்லாம் சேந்துதான் பிபி எறங்குது.

ரிசப்டர்ல பீட்டா 1, பீட்டா 2ன்னு இருக்குங்கிறத மட்டும் மனசுல வச்சுக்கங்க, பின்னாடி சொல்ற எல்லாத்துக்கும் இதுதான் அடிப்படை. பீட்டா 1 முக்கியமா இதயத்துலயும் கிட்னியிலயும் இருக்கு, பீட்டா 2 மூச்சுக்குழாய்லயும் கை கால் ரத்தக்குழாய்லயும் இருக்கு. முதல்ல ரிசப்டர ஆல்ஃபா, பீட்டான்னு பிரிச்சு சொன்னது அமெரிக்காவுல ரேமண்ட் ஆல்குவிஸ்ட், 1948ல. அத வச்சு ஜேம்ஸ் பிளாக்குங்கிற ஸ்காட்லாந்துக்காரரு 1960கள்ல புரோப்ரனலால கொண்டு வந்தாரு. நெஞ்சுவலிக்காரங்களுக்கு இதயத்துக்குப் போற ரத்தத்த கூட்டப் பாக்குறத விட இதயத்தோட வேலைய குறைச்சா என்னன்னு அவர் யோசிச்சதுல இருந்துதான் இந்த குடும்பமே பொறந்துச்சு, 1988ல அவருக்கு நோபல் பரிசு குடுத்தாங்க.

எல்லாம் லோல்னு தானே முடியுது, எதப் போட்டா என்ன? எல்லாம் ஒண்ணுதானே?

குடும்பம் ஒண்ணு, ஆளு வேற. இந்த ஒரு கேள்விக்கு நிதானமா பதில் சொல்றேன், ஏன்னா "அதே மாத்திரைதாண்ணே, வேற கம்பெனி"ன்னு நெனச்சு மாத்திப் போடுறது இங்கதான் ஆரம்பிக்குது.

புரோப்ரனலால் ரொம்பப் பழசு, பீட்டா 1, 2 ரெண்டையும் அடைக்கும், மூளைக்குள்ளயும் போகும். அதனால கை நடுக்கம், ஒத்தைத் தலைவலி வராம தடுக்குறது, தைராய்டு கூடுனதால வர்ற படபடப்பு இதுக்கெல்லாம் நல்லா கேக்கும், அதே காரணத்துக்காக கெட்ட கனவு, சோர்வுன்னும் சிலருக்கு வரும். வெறும் பிபிக்குன்னு இப்ப யாரும் பெருசா எழுதுறதில்ல. சிப்லார், இன்டெரால்னு வர்றது இது.

அட்டெனலால் பீட்டா 1 பக்கம் சாயுறது, மூளைக்குள்ள அதிகம் போகாது, ஆனா கிட்னி வழியாத்தான் வெளிய போகுது. கிட்னி சரியில்லாதவங்களுக்கு ஒடம்புலயே தங்கி பல்ஸ் ரொம்ப எறங்கிடும். வயசான ஆளு, கிட்னி டெஸ்ட்ல கிரியாட்டினின் ஏறியிருக்கு, பல வருஷமா இதே அட்டெனலால் ஓடுதுன்னா டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேளுங்கன்னுதான் நான் எப்பவும் சொல்றது.

மெட்டோபிரலால் லிவர்ல கரையுது, இதுல டார்ட்ரேட், சக்சினேட்னு ரெண்டு உப்பு (ஒரே மருந்தோட ரெண்டு ரசாயன வடிவம்) இருக்கு, டார்ட்ரேட் சீக்கிரம் தீந்துரும், ரெண்டு வேளை போடணும், சக்சினேட் மெதுவா விடுற மாத்திரையா எக்ஸ்எல், எக்ஸ்ஆர், ஈஆர்னு வரும், ஒரு வேளை போதும். பிசோபிரலால், கான்கார்னு சொன்னா நெறைய பேருக்குத் தெரியும், பீட்டா 1ல இன்னும் கவனமா ஒட்டும், பாதி கிட்னி பாதி லிவர்னு வெளிய போறதால ஒரு பக்கம் பழுதானாலும் கொஞ்சம் தாங்கும். ஒரு வேளை மாத்திரை.

நெபிவலால், நெபிகார்டுன்னு வர்றது, பீட்டா 1 மேல ரொம்ப குறியா இருக்கும், அதோட நைட்ரிக் ஆக்சைடு மூலமா ரத்தக்குழாயையும் விரிக்கும். கார்வெடிலால் வேற மாதிரி, பீட்டா 1, பீட்டா 2, ஆல்ஃபா மூணையும் அடைக்கும், ரத்தக்குழாய் விரியிறதால எந்திரிச்சு நின்னா கிர்ருன்னு வரும், அதுக்குத்தான் சாப்பாட்டோட போடச் சொல்றது, வெறும் வயித்துல போட்டுட்டு ஜீப்புல ஏறாதீங்க. லாபெட்டலாலும் ஆல்ஃபா பீட்டா ரெண்டும்தான், அது முக்கியமா கர்ப்பிணிகளுக்கு.

எதுல பிபி அதிகமா குறையும், எதுல பல்ஸ் அதிகமா குறையும்?

பல ஆராய்ச்சிய சேத்து வச்சு காக்ரேன் அமைப்பு கணக்கு போட்டிருக்கு. அட்டெனலால், மெட்டோபிரலால், பிசோபிரலால் மாதிரி பீட்டா 1 வகை சராசரியா பிபிய மேல 10, கீழ 8 புள்ளி குறைக்குது, பல்ஸ நிமிஷத்துக்கு 11 கிட்ட குறைக்குது. புரோப்ரனலால் வகையும் ஏறக்குறைய அதேதான், 10க்கு 7, பல்ஸ் 12. கார்வெடிலால், லாபெட்டலால் வகை பிபிய 6க்கு 4, பல்ஸ 5 கிட்ட. இது சராசரி, ஒங்களுக்கு இவ்வளவுதான் குறையும்னு அர்த்தமில்ல. 180 இருக்குற பிபி இந்த ஒரு மாத்திரையில 120 ஆகணும்னு எதிர்பாத்தா ஆகாது, அதனாலதான் டாக்டர் கூட ஒண்ணு சேத்து எழுதுறாரு.

பல்ஸ் குறையணும்கிறது முக்கியமான காரணமா இருந்தா கார்வெடிலால விட மெட்டோபிரலால், பிசோபிரலால் நல்லா பிடிக்கும்ங்கிறது இந்த கணக்குலயே தெரியுது.

எங்க அப்பாவுக்கு அந்தக் காலத்துல பிபின்னாலே அட்டெனலால்தான். இப்ப ஏன் அம்லோடிபின், டெல்மிசார்டன்னு எழுதுறாங்க?

நல்ல கேள்வி. 2002ல லைஃப்னு ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, பிபியால இதயச் சுவர் தடிச்சுப் போனவங்க 9,000 பேருக்கு மேல, பாதிப் பேருக்கு டெல்மிசார்டன் வகையான லோசார்டன், பாதிப் பேருக்கு அட்டெனலால். ரெண்டுலயும் பிபி கிட்டத்தட்ட ஒரே அளவுதான் குறைஞ்சுச்சு, ஆனா பக்கவாதம் லோசார்டன் போட்டவங்களுக்கு 25 சதவீதம் கம்மி. 2005ல ஆஸ்காட்டுன்னு இன்னொண்ணு, 19,000 பேருக்கு மேல, அம்லோடிபின் பக்கம் அட்டெனலால் பக்கத்த விட நல்லா இருந்துச்சு. 2006ல இங்கிலாந்துல வைத்திய வழிகாட்டுதல் குடுக்குற நைஸ் அமைப்பு, வேற காரணம் இல்லாத வெறும் பிபிக்கு பீட்டா பிளாக்கர் முதல் மாத்திரை இல்லன்னு சொல்லிருச்சு.

அதுக்காக பீட்டா பிளாக்கர் மட்டமான மாத்திரைன்னு நெனைக்காதீங்க. பிபியோட நெஞ்சுவலி, ஹார்ட் பெயிலியர் (இதயம் வீக்காகி சரியா பம்ப் பண்ணாதது), தாறுமாறான துடிப்பு, ஒத்தைத் தலைவலி இப்படி ஒண்ணு சேந்து இருந்தா இது ரொம்ப மதிப்பான மாத்திரை. ஒங்களுக்கு எழுதியிருந்தா எந்தக் காரணத்துக்கு எழுதியிருக்காருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, அத சீட்டுலயே எழுதி வாங்கிக்கங்க, மலைக்கு அந்தப் பக்கம் வேற டாக்டர் பாக்கும்போது அந்த ஒரு வரி ரொம்ப உதவும்.

தம்பி, மேல கட்டப்பனையில ஒரு மாத்திரை குடுத்தாங்க, இங்க ஹெல்த் சென்டர்லயும் மாசாமாசம் பிபி மாத்திரை வருது. ரெண்டையும் போடுறேன், சரிதானே?

அம்மா, இதுக்காகத்தான் நான் இத எழுதவே உக்காந்தேன். ரெண்டு அட்டையையும் எடுத்து வெளிச்சத்துல வச்சுப் பாருங்க, கண்ணு தெரியலன்னா பேரப்புள்ளைங்கள படிக்கச் சொல்லுங்க. பெருசா போட்டிருக்குறது கம்பெனி வச்ச பேரு, அத விடுங்க. கீழ பொடி எழுத்துல இருக்குறதுதான் மருந்தோட பேரு. ரெண்டுலயும் லோல்னு முடியுற பேரு இருந்தா, மெட்டோபிரலால் ஒண்ணு அட்டெனலால் ஒண்ணுன்னு இருந்தாலும் சரி, டபுள் டோஸ் போடுறீங்கன்னு அர்த்தம். பல்ஸ் 45, 40ன்னு எறங்கி கண்ண இருட்டிக்கிட்டு வரும், மயங்கி விழுந்து இடுப்பெலும்பு ஒடைஞ்சா வயசான காலத்துல அதுவே பெரிய ஆபத்து.

இதுல இன்னும் மறைஞ்சு வர்றது ரெண்டு மருந்து சேந்த மாத்திரை. அம்லோகைண்ட்னா அம்லோடிபின் மட்டும், அம்லோகைண்ட் ஏடின்னா அம்லோடிபினோட அட்டெனலால். டெல்மான்னா டெல்மிசார்டன், டெல்மா பீட்டான்னா அதோட மெட்டோபிரலால். மெட் எக்ஸ்எல்னா மெட்டோபிரலால், மெட் எக்ஸ்எல் ஏஎம்னா அதோட அம்லோடிபின். ஸ்டாம்லோ பீட்டான்னு இருந்தாலும் அதுல அட்டெனலால் இருக்கு. பேருக்குப் பின்னாடி வர்ற அந்த ரெண்டு எழுத்த யாரும் பாக்குறதில்ல, கேரளாவுல ஒரு டாக்டர் டெல்மா பீட்டா எழுதியிருப்பாரு, இங்க வந்து "பழைய பிபி மாத்திரை"ன்னு சொல்லி அட்டெனலாலும் வாங்கிட்டுப் போவாங்க.

அதுக்காக ஒண்ண நீங்களா நிறுத்திறாதீங்க, அதுவும் ஆபத்து, காரணம் கீழ சொல்லிருக்கேன். ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு அன்னைக்கே ஏதாவது ஒரு டாக்டர்கிட்ட போங்க, போற வழியில தலைசுத்து, மூச்சுத்திணறல்னா நேரா ஆஸ்பத்திரி. டிஸ்சார்ஜ் சம்மரி மேல குடுத்தாலும் மருந்துப் பேரெல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கும், இங்க இருக்குற டாக்டர் படிச்சுருவாரு, அத வீட்டுல வச்சுட்டு வராதீங்க.

கண்ணுக்கு சொட்டு மருந்து போடுறேன், அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

இருக்குங்கய்யா. கண்ணுல பிரஷர், கிளாக்கோமான்னு சொல்லி டிமோலால்னு சொட்டு மருந்து குடுப்பாங்க. அதுவும் பீட்டா பிளாக்கர், பீட்டா 1, 2 ரெண்டையும் அடைக்கிற வகை. கண்ணுல விட்டது மூக்கு வழியா எறங்கி ரத்தத்துல கலக்கும், லிவர தாண்டாம நேரா போறதால சொட்டுதானேன்னு லேசா நெனைக்கக் கூடாது. மாத்திரையும் போட்டு டிமோலாலும் விட்டா பல்ஸ் கூடுதலா எறங்கும், வீசிங் இருக்குறவங்களுக்கு மூச்சு இழுக்கும். கண் டாக்டர்கிட்ட இதய மாத்திரையையும் இதய டாக்டர்கிட்ட கண் சொட்டையும் காட்டுங்க. சொட்டு விட்டதும் கண்ண மூடி, மூக்கு ஓரமா இருக்குற கண்ணு முனைய வெரலால ரெண்டு நிமிஷம் அமுத்திப் பிடிச்சா ரத்தத்துக்குப் போறது நல்லா குறையும்.

எனக்கு வீசிங் இருக்கு. போடலாமா?

ஆஸ்துமான்னா புரோப்ரனலால், கார்வெடிலால் பக்கமே போகாதீங்க. மூச்சுக்குழாய விரிக்கிறது பீட்டா 2 வழியாத்தான், இழுக்குற சால்புட்டமால் பம்பும் அதே வழியாத்தான் வேலை செய்யுது, அத அடைச்சுட்டா பம்பு அடிச்சாலும் கேக்காது. பீடி, சிகரெட்டால வந்த சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் நோய்) இருக்குறவங்களுக்கு இதயத்துக்கு கண்டிப்பா தேவைன்னா பிசோபிரலால், மெட்டோபிரலால், நெபிவலால்னு பீட்டா 1 வகைய குறைஞ்ச அளவுல ஆரம்பிச்சு டாக்டர் பாத்துக்குவாரு. டோஸ் கூடக் கூட பீட்டா 1 வகையும் பீட்டா 2வ கொஞ்சம் தொட ஆரம்பிக்கும்ங்கிறதயும் தெரிஞ்சுக்கங்க.

சுகரும் இருக்கு, இன்சுலின் போடுறேன்.

லோ சுகர் ஆனா படபடன்னு வரும், கை நடுங்கும், அதுதான் நமக்கு எச்சரிக்கை. பீட்டா பிளாக்கர் போட்டவங்களுக்கு இந்த ரெண்டும் தெரியாம போயிரலாம். ஆனா வேர்வை வரும், அது மறையாது. திடீர்னு குப்புன்னு வேர்த்துச்சுன்னா படபடப்பு இல்லையேன்னு சும்மா இருக்காதீங்க, உடனே சுகர் பாருங்க, மெஷின் இல்லன்னா சக்கரைத் தண்ணி குடிங்க. பீட்டா 2வையும் அடைக்கிற வகையில இந்தத் தொந்தரவு கூட, எறங்குன சுகர் ஏறவும் நேரமாகும். சுகர்காரங்களுக்கு பீட்டா 1 வகையோ கார்வெடிலாலோ எழுதுறாங்க, கார்வெடிலால் சுகர் கணக்க அவ்வளவா கெடுக்குறதில்ல.

மாத்திரை ஆரம்பிச்சதுல இருந்து தோட்டத்துல ஏத்தம் ஏற முடியல, காலு கனக்குது, காலையில கை வெரலெல்லாம் ஐஸ் மாதிரி இருக்கு. மாத்திரை ஒத்துக்கலையா?

மாத்திரை வேலை செய்யிறதாலதான் அப்படி. ஏத்தம் ஏறும்போது இதயம் வேகம் எடுக்கணும், இது எடுக்க விடாது, அதனால முன்ன மாதிரி மளமளன்னு ஏற முடியாது. பல பேருக்கு சில வாரத்துல ஒடம்பு பழகிரும். வெரல் குளிர்றது கை கால் ரத்தக்குழாய் சுருங்குறதால, மேல வண்டன்மேடு, நெடுங்கண்டம் பக்கம் மார்கழி பனியில காய் எடுக்கப் போறவங்களுக்கு இது ரொம்ப தெரியும். கையுறை போடுங்க, பீடி கூடவே கூடாது. வெரல் வெளுத்து நீலமாகி வலிச்சா டாக்டர்கிட்ட சொல்லுங்க, ரத்தக்குழாய விரிக்கிற நெபிவலால், கார்வெடிலால்ல இது கம்மி, மாத்திக் குடுக்க வழி இருக்கு.

ஆனா கால் வீங்குது, படுத்தா மூச்சு முட்டுது, ரெண்டு மூணு நாள்ல எடை கிடுகிடுன்னு ஏறுதுன்னா அது பழகுற விஷயம் இல்ல, உடனே பாக்கணும்.

ஏலத்துக்கு மருந்தடிக்கப் போவேன், போலாமா? தேனீ, கொளவி கொட்டுனா?

யாரும் கேக்காத கேள்வி இது, நானா எடுத்துப் போட்டிருக்கேன், ஏன்னா நம்ம ஊரு வேலைக்கு இது ரொம்ப முக்கியம். தோட்டத்துல அடிக்கிற பூச்சி மருந்துல குயினல்பாஸ், குளோர்பைரிபாஸ் மாதிரி ஆர்கனோபாஸ்பேட் வகை உண்டு. அது ஒடம்புக்குள்ள போனா பல்ஸ எறக்கும். ஏற்கனவே மாத்திரை எறக்கி வச்ச பல்ஸ் இன்னும் எறங்குனா நெலம மோசம். எச்சில் ஒழுகுறது, வேர்வை கொட்டுறது, கண்ணு மங்குறது, வாந்தி, வயித்தோட்டம் இதெல்லாம் அதோட அடையாளம். முடிஞ்சா மருந்தடிக்கிற வேலைய வேற ஆளுக்கு விடுங்க, முடியலன்னா முகமூடி, கையுறை, முழுக்கை சட்டை போடுங்க, காத்துக்கு எதிர்ல அடிக்காதீங்க, எறங்குனதும் சட்டைய மாத்திக் குளிங்க.

கொளவி, தேனீ கொட்டி அலர்ஜியாகி மொகம் வீங்கி மூச்சு அடைச்சா ஆஸ்பத்திரியில அட்ரினலின் ஊசிதான் முதல்ல போடுவாங்க. பீட்டா பிளாக்கர் போடுற ஆளுக்கு அந்த ஊசி சரியா கேக்காம போகலாம், அப்ப குளுக்ககான்னு இன்னொரு ஊசி இருக்கு. அதனால "இவருக்கு இந்த மாத்திரை ஓடுது"ன்னு கூட வந்தவங்க சொல்றது உசுர காப்பாத்துற விஷயம். ஒங்க கங்காணிக்கும், ஜீப்புல கூட வர்ற ஆளுக்கும் முன்னாடியே சொல்லி வைங்க. முன்னாடியே ஒரு தடவ கொட்டி மயங்குனவங்களா இருந்தா மாத்திரை எழுதும்போதே டாக்டர்கிட்ட சொல்லணும்.

பிபி இப்ப நார்மலாயிருச்சு, நிறுத்திறலாமா?

நீங்களா நிறுத்தாதீங்க, இதுல நான் கண்டிப்பாத்தான் பேசுவேன். ரொம்ப நாளா அடைச்சு வச்சதால ஒடம்பு கூடுதலா ரிசப்டர் தயார் பண்ணி வச்சிருக்கும், திடீர்னு மாத்திரை இல்லன்னா அட்ரினலின் எல்லாம் மொத்தமா போயி ஒட்டும், பல்ஸும் பிபியும் எகிறும், இதய ரத்தக்குழாய்ல அடைப்பு இருக்குறவங்களுக்கு நெஞ்சுவலி, ஹார்ட் அட்டாக் வரைக்கும் போயிருக்கு. நிறுத்தணும்னா ஒண்ணு ரெண்டு வாரத்துல கொஞ்சம் கொஞ்சமா டோஸ குறைச்சுத்தான் நிறுத்துவாங்க.

நம்ம பக்கம் இது எப்படி நடக்குதுன்னா, மாத்திரை தீந்துரும், வாங்குன எடம் மலைக்கு மேல, அந்த வாரம் ஜீப் ஓடாது, இல்ல ஹர்த்தால்னு மேல கடை எல்லாம் அடைச்சிருக்கும், சரி அடுத்த வாரம் பாத்துக்கலாம்னு விட்டுருவாங்க. ஒரு வாரத்துக்குத் தேவையான மாத்திரை கையில எப்பவும் மிச்சம் இருக்கணும். சபரிமலைக்குப் போறப்பவும் மாத்திரை இருமுடியோட போகணும். வேற பேர்ல அதே மருந்து அதே மில்லிகிராம் அதே உப்பு எங்க கடை மாதிரி எந்தக் கடையிலயும் கெடைக்கும், சீட்டோட வாங்க.

பல்ஸ் எவ்வளவு இருக்கணும்? எப்படி எண்ணுறது?

கட்டை வெரலுக்குக் கீழ மணிக்கட்டுல ரெண்டு வெரல் வச்சு 30 செகண்ட் எண்ணி ரெண்டால பெருக்குங்க, துடிப்பு ஒழுங்கா இல்லன்னா முழு ஒரு நிமிஷம் எண்ணுங்க. அஞ்சு நிமிஷம் உக்காந்து அமைதியான பிறகு எண்ணணும், டீ குடிச்ச கையோட எண்ணாதீங்க. சாதாரணமா 60ல இருந்து 100. மாத்திரை போடுறவங்களுக்கு 55, 60 இருந்து ஒடம்பு நல்லா இருந்தா பயப்பட வேண்டாம். 50க்குக் கீழ போனா அடுத்த மாத்திரைக்கு முன்னாடி டாக்டர்கிட்ட பேசுங்க, கூடவே மயக்கம், மூச்சு வாங்குறதுன்னா அன்னைக்கே ஆஸ்பத்திரி. டிஜிட்டல் பிபி மெஷின்லயே பல்ஸும் காட்டும், தேதியோட ஒரு நோட்டுல எழுதி வைங்க, ரெண்டு பக்க டாக்டரும் அத பாத்தாலே பாதி விஷயம் புரிஞ்சுரும்.

எக்ஸ்எல் மாத்திரைய ஒடைச்சுப் போடலாமா?

நடுவுல கோடு இருக்குற மெட்டோபிரலால் சக்சினேட் மாத்திரைய பல கம்பெனியில ரெண்டா ஒடைக்கலாம், ஆனா மெல்லக் கூடாது, பொடி பண்ணக் கூடாது, பொடிச்சா நாள் பூரா மெதுவா வர வேண்டியது ஒரே நேரத்துல எறங்கிரும். கேப்சூலா இருந்தா ஒடைக்கவே வேண்டாம். கடையில கேட்டுட்டு செய்ங்க.

ஹார்ட் பெயிலியர்னு சொன்னாங்க. இதயம் வீக்கா இருக்கும்போது அத இன்னும் மெதுவாக்குற மாத்திரை எதுக்கு?

ஒரு காலத்துல டாக்டர்களும் இதுக்குப் பயந்துதான் குடுக்காம இருந்தாங்க. வீக்கான இதயத்த அட்ரினலின் வெரட்டிக்கிட்டே இருக்குறதாலதான் அது இன்னும் கெடுதுன்னு பின்னாடி புரிஞ்சுச்சு. 1999ல பிசோபிரலாலுக்கு சிபிஸ் 2, மெட்டோபிரலால் சக்சினேட்டுக்கு மெரிட் எச்எஃப், 2001ல கார்வெடிலாலுக்கு கோபர்னிகஸ்னு மூணு பெரிய ஆராய்ச்சி, மூணுலயும் சாவு 34, 35 சதவீதம் குறைஞ்சுச்சு. எழுபது வயசுக்கு மேற்பட்டவங்கள வச்சு நெபிவலாலுக்கும் 2005ல சீனியர்ஸ்னு ஒண்ணு வந்துச்சு.

இங்க கவனிக்க வேண்டியது, அட்டெனலாலுக்கு இதுல இந்த அளவுக்கு ஆதாரம் கெடையாது. மெட்டோபிரலால்லயும் சக்சினேட்டுக்குத்தான். 2003ல கோமெட்டுன்னு ஒரு ஆராய்ச்சியில கார்வெடிலாலயும் மெட்டோபிரலால் டார்ட்ரேட்டயும் நேருக்கு நேர் வச்சுப் பாத்தாங்க, கார்வெடிலால் போட்டவங்கள்ல 34 சதவீதமும் டார்ட்ரேட் போட்டவங்கள்ல 40 சதவீதமும் இறந்தாங்க. அதனால ஹார்ட் பெயிலியருக்கு எழுதுன கான்கார் கெடைக்கல, அட்டெனலால் குடுங்கன்னு யாராவது கேட்டா நான் குடுக்க மாட்டேன், கோவிச்சுக்காதீங்க. ஆரம்பத்துல ரொம்ப குறைஞ்ச டோஸ்ல, கார்வெடிலால்னா 3.125ல ஆரம்பிச்சு வாரக்கணக்குல ஏத்துவாங்க, மொத சில வாரம் சோர்வா இருக்கும், பொறுத்துக்கங்க.

ஸ்டென்ட் வச்சாச்சு. ஆயுசு பூரா போடணுமா?

இதயத்தோட பம்பிங் குறைஞ்சிருந்தா ஆமா, போடணும். அட்டாக்குக்கு அப்புறம் பம்பிங் 50 சதவீதத்துக்கு மேல நல்லா இருக்குறவங்களுக்கு, 2024ல ரெடியூஸ் ஏஎம்ஐன்னு 5,020 பேர வச்சு செஞ்ச ஆராய்ச்சியில பெருசா லாபம் தெரியல. அதனால எக்கோ ரிப்போர்ட்ட எடுத்துட்டுப் போயி "எனக்கு இன்னும் தேவையா"ன்னு தைரியமா கேக்கலாம். கேக்கலாம்னுதான் சொன்னேன், நிறுத்தலாம்னு சொல்லல.

பிபி ஏற்கனவே லோ, பல்ஸ் மட்டும் கூட. வேற வழி?

இவாபிரடின்னு ஒண்ணு இருக்கு, பீட்டா பிளாக்கர் இல்ல, பிபிய தொடாம பல்ஸ மட்டும் குறைக்கும். ஆனா துடிப்பு ஒழுங்கா இருக்குறவங்களுக்குத்தான், தாறுமாறா துடிக்கிற ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்கு உதவாது. அதுக்கு முன்னாடி பல்ஸ் ஏன் கூடுதுன்னு பாக்கணும், ரத்தசோகையும் தைராய்டும் நம்ம பக்கம் பொம்பளைங்களுக்கு நெறைய இருக்கு, அதுக்கு வைத்தியம் பண்ணாலே எறங்கும்.

கல்யாணமான பையன், கேக்க வெக்கமா இருக்கு, இந்த மாத்திரையால ஆண்மை குறையுமா?

சிலருக்கு வரும், இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல தம்பி. பழைய வகையான புரோப்ரனலால், அட்டெனலால்ல கூட, நெபிவலால்ல கம்மி. பிபியும் சுகருமே அந்தப் பிரச்சினைய கொண்டு வரும்ங்கிறதயும் சேத்து யோசிங்க. யார்கிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்துறதுதான் பெரிய தப்பு, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் குடுப்பாரு.

மாசமா இருக்கேன் அண்ணே.

அட்டெனலால் வேண்டாம், வயித்துப் புள்ளையோட வளர்ச்சி குறையுது. லாபெட்டலால்தான் பல வருஷமா குடுக்குறாங்க. புள்ள வேணும்னு நெனைக்கும்போதே டாக்டர்கிட்ட சொல்லிருங்க.

மேடையில பேசணும், பரிச்சை இருக்கு, படபடப்புக்கு ஒண்ணு குடுங்களேன்?

புரோப்ரனலால் குறைஞ்ச டோஸ்ல அதுக்குக் குடுக்குறது உண்டு, ஆனா சீட்டு இல்லாம கேட்டா தர மாட்டேன். வீசிங் இருக்குறது தெரியாம ஒரு மாத்திரை போட்டாலே ஆபத்து. இன்னொண்ணு, லிவர் கெட்டு ரத்த வாந்தி எடுத்தவங்களுக்கும் புரோப்ரனலால், கார்வெடிலால் குடுப்பாங்க, அது உணவுக்குழாய்ல இருக்குற ரத்தக்குழாய் வெடிக்காம இருக்க. "எனக்குத்தான் பிபி இல்லையே"ன்னு அத நிறுத்திறாதீங்க.

கூட எந்த மருந்து சேரக் கூடாது?

பிபி, நெஞ்சுவலிக்குக் குடுக்குற வெரபாமில், டில்டியாசம் ரெண்டும் பெரிய எதிரி, பீட்டா பிளாக்கரோட சேந்தா இதயத்தோட கரண்ட் ஓட்டமே தடைபடலாம். மனச்சோர்வுக்குக் குடுக்குற ஃபுளுவாக்ஸடின், பராக்ஸடின் மெட்டோபிரலால் அளவ ரத்தத்துல ஏத்திவிடும். தோட்ட வேலை முடிஞ்சு ஒடம்பு வலின்னு டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போட்டுக்கிட்டே இருந்தா பிபி எறங்கவே எறங்காது, கிட்னியும் கெடும். சளி மாத்திரையில பிபிய ஏத்துற ஃபினைலெஃப்ரின் இல்லாததா கேட்டு வாங்குங்க. சாராயம் குடிச்சா தலைசுத்து கூடும்.

வெலை கட்டுப்படியாகல, எங்க வாங்குறது?

என் கடையிலதான் வாங்கணும்னு இல்ல. இங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம குடுக்குறாங்க, 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல வீட்டுக்கே வரும். 2025 பிப்ரவரியில இருந்து முதல்வர் மருந்தகம் இருக்கு, மக்கள் மருந்தகம் ரெண்டு மாநிலத்துலயும் இருக்கு, மேல காருண்யா பார்மசி, நீதி மெடிக்கல் ஸ்டோர்ல வெலை கம்மி. ஜெனரிக்னா (கம்பெனி பேரு இல்லாம மருந்துப் பேர்லயே வர்றது) சத்து இல்லன்னு நெனைக்காதீங்க, மருந்துப் பேரும் மில்லிகிராமும் எக்ஸ்எல்லா இல்லையாங்கிறதும் ஒண்ணா இருக்கான்னு மட்டும் பாருங்க.

காலையில போட மறந்துட்டேன்.

ஞாபகம் வந்ததும் போடுங்க. அடுத்த வேளை நெருங்கிருச்சுன்னா விட்டுருங்க, சேத்து ரெண்டு போடாதீங்க.

தாத்தா தெரியாம நாலஞ்சு போட்டுட்டாரு, இல்ல சின்னப் புள்ள எடுத்து முழுங்கிருச்சு?

நல்லாத்தானே இருக்குன்னு காத்திருக்காதீங்க, எக்ஸ்எல் மாத்திரையில பாதிப்பு பல மணி நேரம் கழிச்சுக்கூட வரும், புள்ளைங்களுக்கு சுகரும் எறங்கும். வாந்தி எடுக்க வைக்காதீங்க. 108 ரெண்டு மாநிலத்துலயும் வரும், கூப்புடுங்க, மேல இருந்தா கீழ எறங்கி வந்து பாக்கலாம்னு வேண்டாம், பக்கத்துல எது இருக்கோ அந்த ஆஸ்பத்திரிக்குப் போங்க. காலி அட்டைய கையோட எடுத்துட்டுப் போங்க, எந்த லோல், எத்தன மில்லிகிராம், எத்தன மணிக்குப் போட்டாங்கன்னு தெரிஞ்சா அங்க இருக்குறவங்க உடனே வைத்தியத்த ஆரம்பிச்சுருவாங்க.